'இல்லை' என்று சொல்லியே தேறிவிடும் கேஷ்: சி மொழி நூலகம் ஒன்றின் சோதனை ஆய்வு

கேஷ் (அடிக்கடி கேட்கப்படும் தரவை அருகில் வைத்துக்கொள்ளும் தற்காலிகக் கிடங்கு) நூலகம் ஏதாவது ஒன்றில் தேடும் ஃபங்ஷனின் உள்ளடக்கத்தை முழுக்க அழித்துவிட்டு, எந்தச் சாவியை (தரவைத் தேட உதவும் பெயரை) கேட்டாலும் 'இல்லை' என்று திருப்பும் ஒற்றை வரியை அங்கே வைத்துப் பாருங்கள். அந்த நூலகத்தை நம்பியிருக்கும் நிரல் தடுமாறாமல் ஓடும். விடைகள் எல்லாம் சரியாகவே வரும். வேகம் மட்டும் குறையும். 'இல்லை' என்பது கேஷ் சொல்லக்கூடிய முறையான பதில் என்பதால், கேட்டவர் மூலத் தரவிடம் போய் எடுத்துக்கொள்வார்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வரிசைப்படுத்தும் நிரல் பிசகினால் விடையைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். கேஷ் பிசகினால் சத்தமே வராது. ஆகவே "போட்டேன், எடுத்தேன், வந்தது" என்ற அளவில் நிற்கும் செயல்விளக்கம் நூலகத்தைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. எது வெளியேறியது, எப்போது வெளியேறியது, வெளியேறிய பின் உள்கணக்கு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் சோதனை கேட்க வேண்டும்.

நூலகத்தின் அமைப்பு

ஆய்வுக்கு எடுத்திருப்பது ஒரு தலைப்புக் கோப்பும் ஒரு மூலக் கோப்பும் கொண்ட சிறு நூலகம். வெளியே தெரியும் ஃபங்ஷன்கள் ஐந்து. அவற்றை உருவாக்கு, இடு, எடு, நீக்கு, கலை என்று அழைப்போம். சாவியும் மதிப்பும் வெறும் பைட்டுகள், இரண்டுக்கும் நீளம் தனியாகத் தரப்படும். இடம் நிரம்பினால், தொட்டு வெகுநேரம் ஆனது முதலில் போகும். அதாவது எல்ஆர்யூ முறை. ஒவ்வொரு பதிவுக்கும் மில்லிநொடியில் ஆயுள் தரலாம், 0 என்றால் ஆயுள் வரம்பு இல்லை.

உள்ளே ஒரே கணுக்களை (பதிவுக்கு ஒன்று) இரண்டு அமைப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று, சாவியிலிருந்து கணக்கிட்ட எண்ணைக் (ஹேஷ்) கொண்டு பதிவை 1024 பக்கெட்டுகளில் ஒன்றில் போடும் ஹேஷ் டேபிள். மற்றொன்று புதியது முதல் பழையது வரை கோத்து வைத்திருக்கும் இருவழிச் சங்கிலி. 64-பிட் கணினியில் ஒரு கணுவுக்கு மூன்று இணைப்புப் பாயிண்டர்கள் (நினைவக முகவரிகள்) 24 பைட், சாவிக்கும் மதிப்புக்குமான பாயிண்டர்கள் 16, காலாவதி நேரம் 8, மதிப்பின் நீளம் 8, ஹேஷ் 4, சாவியின் நீளம் 4. ஆகமொத்தம் 64 பைட்.

சங்கிலியின் தலைக்கும் வாலுக்கும் தனித்தனிப் பாயிண்டர் வைக்காமல், ஒரு போலிக் கணுவைச் சுற்றி வளையமாகக் கோப்பது நல்லது. அப்போது முன்னும் பின்னும் எப்போதும் ஏதோ ஒரு கணுவைக் காட்டும். பாயிண்டர் எதையும் காட்டாத நிலையா ('நல்') என்ற சரிபார்ப்புகள் காணாமல்போகும். கொள்ளளவு 1 என வைத்து இடு, இடு, நீக்கு என்று மூன்று அழைப்பு கொடுத்தால், தனித்தனிப் பாயிண்டர் வைத்த பழைய வடிவங்களில் பல அங்கேயே விழுந்துவிடும்.

செயல்விளக்கம்

கொள்ளளவு 3. க, ச, த என்ற சாவிகளை அதே வரிசையில் இடுக. பிறகு க-வை எடுக்க. அடுத்து ப-வை இடுக. இப்போது ச போயிருக்க வேண்டும். க போயிருந்தால் அது எல்ஆர்யூ அல்ல, முதலில் வந்தது முதலில் போகும் சாதாரண வரிசைதான்.

இதைச் சரிபார்க்கப் போகும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள். "க இருக்கிறதா?" என்று எடு-வைக் கொண்டு கேட்டால், அந்தக் கேள்வியே க-வைச் சங்கிலியின் தலைக்கு நகர்த்திவிடும். அடுத்த படியின் விடை மாறிவிடும். எடு என்பது பெயரளவில் படிப்பது, செயலளவில் எழுதுவது. ஆகவே வரிசையைக் கலைக்காமல் பார்க்கும் ஆறாவது ஃபங்ஷன் ஒன்று சோதனைக்குத் தேவை. எட்டிப்பார் என்ற பெயர் அதற்குப் பொருந்தும். (எடு எழுதவும் செய்கிறது என்பதை மனதில் வையுங்கள், ஒரே நேரத்தில் ஓடும் இழைகள் வரும்போது மீண்டும் தலைகாட்டும்.)

இன்னொரு விளக்கம், எண்ணிப் பார்த்தால் விடை முன்கூட்டியே தெரிவது. கொள்ளளவு 100. 0 முதல் 99 வரையிலான சாவிகளைச் சுழற்சியாகக் கேட்டு, இல்லாததை இட்டுக்கொண்டே வாருங்கள். முதல் சுற்றில் எல்லாம் இல்லை, இரண்டாவது சுற்றிலிருந்து எல்லாம் உண்டு. சாவிகளை 101 ஆக்குங்கள்: எத்தனை சுற்று ஓடினாலும் ஒருமுறைகூடக் கிடைக்காது. அடுத்து வரப்போகும் சாவியையே ஒவ்வொரு முறையும் எல்ஆர்யூ வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 101 சாவிகளில் ஒரு வெற்றி வந்தாலும் எங்கோ ஒன்று கூடுதலாகத் தங்கியிருக்கிறது என்று பொருள். 100 சாவிகளில் ஒரு தோல்வி வந்தால் கொள்ளளவைச் சரிபார்க்கும் இடத்தில் ஒன்று குறைகிறது. எண்ணிக்கைப் பிசகைப் பிடிக்க இதைவிடக் கூர்மையான எளிய சோதனை இல்லை.

தணிக்கை ஃபங்ஷன்

சோதனைக்கு முதுகெலும்பு இதுதான். சோதனைக்கான தொகுப்பில் மட்டும் சேரும் தணிக்கை என்ற ஃபங்ஷன், ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் உள்ளமைப்பு முழுவதையும் நடந்து பார்க்கும். சங்கிலியை முன்னோக்கி எண்ணிய கணக்கும் பின்னோக்கி எண்ணிய கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லா பக்கெட்டுகளிலும் உள்ள கணுக்களின் கூட்டுத்தொகையும் அதே எண்ணாக வேண்டும். ஒவ்வொரு கணுவின் ஹேஷையும் 1023 உடன் பிட்வாரியாகப் 'அண்டு' செய்தால் அது உட்கார்ந்திருக்கும் பக்கெட் எண் வர வேண்டும். மதிப்பு நீளங்களின் கூட்டல், கேஷ் வைத்திருக்கும் பைட் கணக்கோடு பொருந்த வேண்டும். நடையில் ஒரு வரம்பு வையுங்கள்: கொள்ளளவைவிட ஒரு கணு அதிகமாக எண்ணிவிட்டால் சங்கிலி தனக்குள் சுழல்கிறது என்று நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் சோதனையே முடியாத லூப்பில் தொங்கும்.

இதற்கு அசெர்ட்டை (நிபந்தனை பொய்த்தால் நிரலை நிறுத்தும் சி மேக்ரோவை) நம்ப வேண்டாம். என்டீபக் என்ற பெயர் வரையறுக்கப்பட்டால் அசெர்ட் முழுவதும் மறைந்துபோகும். சிமேக் என்ற கட்டுமானக் கருவியின் ரிலீஸ் வகை அதைத் தானாகவே வரையறுக்கிறது. அசெர்ட்டின் அடைப்புக்குள் இடு-வை அழைத்திருந்தால் அந்த அழைப்பும் சேர்ந்து காணாமல்போய், எதையும் சோதிக்காத சோதனை பச்சை விளக்கு காட்டும். கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் அச்சிட்டு, நிரலை நிறுத்தும் அபார்ட்டை அழைக்கும் சொந்த மேக்ரோ நாலு வரிதான்.

சாவியும் ஹேஷும்

ஹேஷைக் கணக்கிட 32-பிட் எஃப்என்வி-1ஏ என்ற முறை. தொடக்க மதிப்பு 2166136261, பெருக்கும் எண் 16777619. ஒவ்வொரு பைட்டையும் முதலில் எக்ஸார் செய்து, பிறகு பெருக்க வேண்டும். வெற்றுச் சாவிக்கு விடை தொடக்க மதிப்பேதான். 97 என்ற ஒற்றை பைட்டுக்கு 3826002220. இந்த இரண்டையும் சோதனையில் நேரடியாக எழுதிவிடலாம்.

ஆனால் இந்த இரண்டுக்கும் அகப்படாத பிழை ஒன்று உண்டு. சி மொழியில் வெறும் சார் என்ற ஒரு பைட் எழுத்து வகை குறியுள்ளதா (எதிர்ம மதிப்பும் ஏற்பதா) இல்லையா என்பது கம்பைலரைப் பொறுத்தது. எக்ஸ்86 லினக்ஸில் குறியுள்ளது, ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. 127-க்கு மேற்பட்ட பைட் வந்தால் முதலாவதில் அது எதிர்ம எண்ணாகி, மேல் 24 பிட்டுகளும் 1 ஆகி எக்ஸாரில் கலந்துவிடும். தமிழ்ச் சாவிகளில் இது முதல் எழுத்திலேயே நடக்கும்: 'அ' யூடிஎஃப்-8-இல் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள், மூன்றும் 127-ஐத் தாண்டியவை. ஒரே கணினியில் இடு-வும் எடு-வும் ஒரே தவறான ஹேஷைக் கணக்கிடுவதால் கேஷ் ஒழுங்காக வேலை செய்வதுபோலவே இருக்கும். ஹேஷைக் குறியுள்ள இன்ட்டில் வைத்து, மீதம் கண்டு பக்கெட் எண் எடுக்கும் நூலகத்தில் விளைவு மோசம்: எதிர்ம எண்ணின் மீதமும் எதிர்மமாகி, பக்கெட் வரிசைக்கு முன்னால் உள்ள நினைவகத்தைத் தொடும். சோதனைச் சாவிகளில் ஆங்கிலம் மட்டுமே இருந்தால் இது வெளியே வராது.

சாவிகளை ஒப்பிடும்போது நீளத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். பதிந்துள்ள சாவியின் நீளத்துக்கு மட்டும் எம்இஎம்சிஎம்பி (பைட்டுகளை ஒப்பிடும் ஃபங்ஷன்) ஓட்டினால் 'பயனர்:1' என்ற பதிவு 'பயனர்:10' என்ற கேள்விக்கு விடையாகிவிடும். தவறான நபரின் தரவைத் தருவது கேஷ் செய்யக்கூடிய குற்றங்களில் தலையாயது. ஆனால் இந்தப் பிழை வெளிப்பட இரண்டு சாவிகளும் ஒரே பக்கெட்டில் விழ வேண்டும், 1024 பக்கெட்டில் அது தற்செயல்தான். ஆகவே ஹேஷ் ஃபங்ஷனை வெளியிலிருந்து மாற்ற வழி வைத்து, எப்போதும் 7 என்று திருப்பும் போலி ஹேஷைக் கொடுங்கள். எல்லாம் ஒரே பக்கெட்டில் நீண்ட சங்கிலியாக வரும். அந்தச் சங்கிலியின் முதலிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று நீக்கி, ஒவ்வொரு முறையும் தணிக்கையை ஓட்டுங்கள். வெளியேற்றும்போது பக்கெட் சங்கிலியிலிருந்து கழற்றாமலே ஃப்ரீ செய்துவிடும் (நினைவகத்தைத் திருப்பித் தந்துவிடும்) பிழையும் இங்கேதான் சிக்கும்.

ஏற்கெனவே உள்ள சாவியை மறுபடி இடுவது

புதிய சாவியை இடுவதில் பிழை குறைவு. இருக்கும் சாவியின் மேல் இடுவதில்தான் நூலகங்கள் சறுக்குகின்றன. "நிரம்பிவிட்டதா? கடைசியை வெளியேற்று. பிறகு சாவி இருக்கிறதா என்று பார்" என்ற வரிசையில் எழுதியிருந்தால், வெறும் புதுப்பித்தலுக்கே ஒரு நல்ல பதிவு பலியாகும். தேடலை முதலில் செய்து பாயிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு வெளியேற்றினால் இன்னும் கேடு: புதுப்பிக்க வேண்டிய கணுவே வாலில் இருந்தால், ஃப்ரீ செய்த நினைவகத்தில் எழுதுவோம். சோதனை: கொள்ளளவு 3, க, ச, த இட்டு, மறுபடி க-வை இடுக. எண்ணிக்கை 3 ஆகவே நிற்க வேண்டும், ச-வும் த-வும் அசையக்கூடாது.

இடும் மதிப்பே கேஷுக்குள் இருக்கும் மதிப்பாக இருந்தால்? எட்டிப்பார் தந்த பாயிண்டரை அப்படியே அதே சாவிக்கு இடு-வில் கொடுத்தால், பழையதை ஃப்ரீ செய்துவிட்டுப் புதியதை நகலெடுக்கும் நூலகம், இறந்த நினைவகத்தைப் படிக்கும். புதிய இடம் வாங்கி, நகலெடுத்து, அதன் பிறகே பழையதை விடுவிக்க வேண்டும். இதே வரிசை இன்னொரு நோய்க்கும் மருந்து, அடுத்த பகுதியில் வருகிறது.

ஆயுளும் மறக்கப்படும் ஒன்று. 500 மில்லிநொடி ஆயுளோடு இட்ட சாவியை ஆயுள் வரம்பின்றி மறுபடி இட்டால், பழைய காலாவதி நேரம் அழிக்கப்பட வேண்டும்.

மால்லாக் தோற்கும்போது

மால்லாக் என்பது நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன். லினக்ஸில் நினைவகத்தை வாக்களித்துவிட்டுப் பிறகு தேடும் பழக்கம் இருப்பதால், சிறிய மால்லாக் தோற்பதைச் சாதாரண ஓட்டத்தில் பார்ப்பது அரிது. தோல்வியை நாமே ஊட்ட வேண்டும். நூலகம் மால்லாக்கைப் பாயிண்டர் வழியாக அழைத்தால் போலியைத் தருவது எளிது. இல்லையென்றால் லிங்கரின் 'ராப்' விருப்பத்தால் மால்லாக் என்ற பெயரையே நம் ஃபங்ஷனுக்குத் திருப்பலாம்.

புதிய சாவியை இடு மூன்று மால்லாக் கேட்கிறது: கணு, சாவி, மதிப்பு. முதல் அழைப்பு தோற்கும்படி ஒருமுறை, இரண்டாவது தோற்கும்படி ஒருமுறை என, தோல்வியே இல்லாமல் முடியும் வரை எண்ணை ஏற்றிக்கொண்டே ஓட்டுங்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இடு பிழைக்குறி திருப்ப வேண்டும், தணிக்கை தேற வேண்டும், கசிவு இருக்கக்கூடாது. புதுப்பித்தலில் தோற்றால் பழைய மதிப்பு அப்படியே இருக்க வேண்டும். மதிப்பு பாயிண்டரை வாங்கிய நினைவகத்தின் அளவை மாற்றும் ரீஅல்லாக்கின் விடையால் நேரடியாக மேலெழுதும் வரி இருந்தால் இங்கே பழைய நினைவகம் அனாதையாகிக் கசியும்.

கடிகாரம்

காலாவதியைச் சோதிக்க ஸ்லீப் போடுவது சோதனையை மெதுவாக்கும். சுமை உள்ள கணினியில் காரணமில்லாமல் தோற்கவும் செய்யும். உருவாக்கு ஒரு கடிகார ஃபங்ஷனை வாங்கிக்கொள்ளட்டும். உண்மையில் அது பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரம், சோதனையில் நாம் ஏற்றும் ஒரு மாறி. சுவர்க் கடிகாரத்தை வைத்தால் நேரத் திருத்தம் வரும்போது பதிவுகள் மொத்தமாகச் சாகவோ சாகாமல் நீளவோ செய்யும்.

1000-இல் 500 ஆயுளோடு இடுக. 1499-இல் உண்டு, 1500-இல் இல்லை. இந்த எல்லையை ஆவணத்தில் ஒரு வரியாக எழுதி, சோதனையில் இரண்டு வரியாகப் பூட்டிவிடுங்கள். நேரத்தை 32-பிட் மில்லிநொடியாக வைத்தால் 49.7 நாளில் சுற்றிவிடும். 64 பிட்டிலும் மிகப் பெரிய ஆயுளைக் கூட்டும்போது வழிந்தோடாமல் உச்சத்தில் நிறுத்த வேண்டும். போலிக் கடிகாரம் இருந்தால் இதைச் சோதிக்க ஒரு நொடிகூட ஆகாது.

மாதிரியோடு மோதவிடுதல்

மேலே சொன்னவை நமக்குத் தோன்றிய பிழைகள். தோன்றாதவற்றுக்கு, 8 இடங்கள் கொண்ட எளிய வரிசை ஒன்றை மாதிரியாக எழுதிக்கொள்ளுங்கள்: சாவி, மதிப்பு, கடைசியாகத் தொட்ட எண், காலாவதி நேரம். தேடல் முதலிலிருந்து கடைசிவரை, வெளியேற்றம் சிறிய தொட்ட எண்ணுக்கு. மெதுவானது, ஆனால் பார்த்த மாத்திரத்தில் சரி என்று தெரியும். கேஷுக்கும் மாதிரிக்கும் ஒரே செயல்களைத் தற்செயல் வரிசையில் பத்து லட்சம் கொடுத்து ஒவ்வொரு விடையையும் ஒப்பிடுங்கள்.

சாவிகள் 32 மட்டும். இது முக்கியம். தற்செயல் 64-பிட் சாவிகளைக் கொடுத்தால் ஒன்றுகூட மறுபடி வராது. எடு எப்போதும் 'இல்லை' என்றே சொல்லும். முதல் பத்தியின் போலி நூலகமும் தேறிவிடும். 32 சாவி, 8 இடம் என்றால், காலாவதியும் நீக்கலும் இல்லாதபோது வெற்றி விகிதம் கால் பங்கை ஒட்டி நிற்கும், அதை அச்சிட்டுப் பாருங்கள். கடிகாரம் ஒவ்வொரு படியிலும் 0 முதல் 3 வரை நகரட்டும், ஆயுள் 0 முதல் 10 வரை இருக்கட்டும். எண்கள் சிறியவையாக இருந்தால்தான் எல்லைகள் அடிக்கடி மோதும்.

தற்செயல் எண்ணுக்கு சி மொழியின் ராண்டு வேண்டாம், அது தரும் வரிசை இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். பிட்டுகளை 13, 17, 5 இடம் என்று நகர்த்தும் 32-பிட் எக்ஸார்ஷிஃப்ட் மூன்று வரி. விதை (தொடக்க எண்) 0 ஆகக்கூடாது, ஆகிவிட்டால் எப்போதும் 0 தான் வரும். விதையை முதல் வரியிலேயே அச்சிடுங்கள், தோல்வியை மீண்டும் ஓட்டிப் பார்க்க அது மட்டுமே போதும்.

காலாவதியானது தொடும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்குமா, அதை முதலில் வெளியேற்ற வேண்டுமா என்ற கேள்வி மாதிரியை எழுதும்போதுதான் எழும். இந்த நூலகத்தில் தொடும்வரை இருக்கும். எந்த விடையும் சரியே, இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்.

சானிடைசர்கள்

எல்லாச் சோதனைகளையும் அட்ரஸ் சானிடைசரோடு (தவறான நினைவகப் பயன்பாட்டைப் பிடிப்பது) ஒருமுறை, த்ரெட் சானிடைசரோடு (இழைகளின் மோதலைப் பிடிப்பது) தனியாக ஒருமுறை கட்டி ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே கட்டுமானத்தில் சேர்க்க முடியாது. கசிவைப் பார்க்கும்போது ஒரு பொறி: கேஷ் பாயிண்டர் குளோபல் மாறியில் இருந்தால், கலை-யை அழைக்க மறந்தாலும் நினைவகம் 'எட்டக்கூடியது' என்று கருதப்பட்டு புகாரே வராது. லோக்கல் மாறியில் வையுங்கள்.

இழைகளுக்காகப் படிப்போர் பலரை ஒன்றாக விடும் படிப்போர்-எழுதுவோர் பூட்டைப் போட்டு, எடு-வுக்குப் படிப்போர் பூட்டு கொடுப்பது தூண்டும் யோசனை. எடு எழுதுகிறது என்பதை மறந்த யோசனையும்கூட. இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் கணுக்களைத் தலைக்கு நகர்த்தினால் சங்கிலி அறுந்து வளையமாகும். ஒரு நேரத்தில் ஒரு இழையை மட்டும் விடும் சாதாரண மியூடெக்ஸ் போதும். நெரிசல் இருந்தால் கேஷை 16 துண்டாக்கித் துண்டுக்கொரு மியூடெக்ஸ் வைக்கலாம். துண்டு எண்ணுக்கு ஹேஷின் மேல் 4 பிட்டுகளை எடுங்கள். கீழ் 4 பிட்டுகளை எடுத்தால், பக்கெட் எண்ணும் அவற்றிலிருந்தே வருவதால், ஒவ்வொரு துண்டிலும் பதினாறில் ஒரு பக்கெட்தான் நிரம்பும். இதுவும் சத்தமில்லாத பிழைதான், மிக நீண்ட பக்கெட் சங்கிலியின் அளவை அச்சிட்டால் மட்டுமே தெரியும்.

பூட்டு வந்த பிறகு எடு உள்பாயிண்டரைத் திருப்பக்கூடாது. பூட்டு விட்ட மறுகணம் வேறு இழை அந்தப் பதிவை வெளியேற்றலாம். அழைப்பவரின் பஃபருக்கு நகலெடுத்து, தேவையான நீளத்தைத் திருப்பட்டும்.

பைட் கணக்கு

மதிப்பு நீளத்தை மட்டும் கூட்டி 'வரம்பு' என்று சொல்லும் நூலகம் பாதிக்கும் குறைவாகவே உண்மை சொல்கிறது. 10 பைட் சாவி, 20 பைட் மதிப்பு என்று வைப்போம். 64-பிட் ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்), மால்லாக் தனக்காக எடுப்பதும் சேர்ந்து, கணுவுக்கு 80 பைட், முடிவுக்குறியோடு 11 பைட்டான சாவிக்கு 32, மதிப்புக்கு 32: மொத்தம் 144. கணக்கில் ஏறியதோ 20. மூன்றையும் ஒரே மால்லாக்கில் சேர்த்தால் இரண்டு பாயிண்டர் போய்க் கணு 48 ஆகும்; 48 + 20 + 11 = 79, துண்டின் அளவு 96. மதிப்பை முதலிலும் சாவியைப் பின்னாலும் வைக்க வேண்டும். சாவி முன்னால் வந்தால் மதிப்பு 59-ஆவது பைட்டில் தொடங்கும், அதை இன்ட் பாயிண்டராக மாற்றிப் படிப்பவருக்கு நேர்படாத முகவரி கிடைக்கும்.

நூலகத்தை வேண்டுமென்றே கெடுத்தல்

கடைசியில் சோதனைகளைச் சோதிக்க வேண்டும். ஒருமுறைக்கு ஒரு வரியாக நூலகத்தைக் கெடுத்து, எது கத்துகிறது என்று பாருங்கள். தலைக்கு நகர்த்தும் வரியை எடுத்தால் முதல் செயல்விளக்கமே தோற்க வேண்டும். காலாவதி ஒப்பீட்டில் சமக்குறியை நீக்கினால் 1500 என்ற வரி பிடிக்கும். நீக்கு-வில் பைட் கழிப்பதை அழித்தால் தணிக்கை பிடிக்கும். சாவி நீள ஒப்பீட்டை எடுத்தால், 7 திருப்பும் ஹேஷோடு 'பயனர்:1' சோதனை. எடு-வை 'இல்லை' என்று மட்டும் சொல்ல வைத்தால் கிட்டத்தட்ட எல்லாமே.

பக்கெட் சங்கிலியில் நடக்கும்போது பைட்டுகளை ஒப்பிடும் முன் முழு ஹேஷையும் ஒப்பிடும் வரியை எடுத்துவிட்டால் எந்தச் சோதனையும் தோற்காது. தோற்கவும் கூடாது: அந்த வரி எம்இஎம்சிஎம்பி அழைப்புகளைக் குறைப்பதற்காக மட்டுமே இருக்கிறது. அதன் பயனைப் பார்க்க விரும்பினால், சானிடைசர் இல்லாமல் ஓ2 என்ற வேகப்படுத்தும் நிலையில் கட்டி, எடு தரும் மதிப்புகளைக் கூட்டி அச்சிட்டு நேரம் பாருங்கள். கூட்டாமல் விட்டால், நூலகமும் சோதனையும் ஒரே கோப்பாகத் தொகுக்கப்படும்போது, எட்டிப்பார் போன்ற பக்கவிளைவற்ற அழைப்புகளைக் கம்பைலரே தூக்கி எறிந்துவிட்டு அதிசயமான வேகத்தைக் காட்டும்.